கொடை ரோட்டில் ரயில் ஏறிய ஒரு அம்மா

ஐ.வி.ன்னு பேரைச் சொல்லிட்டு கொடைக்கானல் போகாத இன்ஜினியரிங் பேட்ச் நம்ம பக்கத்துல ஒண்ணாவது இருக்குமா? மூணாவது வருஷம் நாங்களும் போனோம். மதுரை தாண்டி கொடை ரோடுல டீக்கு நிறுத்தினாங்க. அங்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்குங்கறதே அன்னைக்கு என் கவனத்துல இல்ல. ஒரு டீ, ரெண்டு வடை, ஒரு குரூப் செல்ஃபி, அவ்வளவுதான்.

இப்போ கடைசி செமஸ்டர்ல உட்கார்ந்து அதே ஸ்டேஷனைப் பற்றி எழுதறேன். 1898-ல் தன் ரெண்டு பெண் குழந்தைகளையும் கொடைக்கானல் மலையில் விட்டுட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறின ஒரு அம்மா, அந்தப் பயணத்துலயே அவங்களுக்காக ஒரு படக்கதையை உருவாக்கினாங்க. அந்தக் கதை உலகம் முழுக்கப் போச்சு. பல நாட்டுப் பிள்ளைங்க பல தலைமுறையா அதைப் படிச்சு வளர்ந்தாங்க. அப்புறம் அதே புத்தகத்தைப் பள்ளிக்கூட நூலகங்கள்ல இருந்து எடுத்து வெளியே போட்டாங்க. கொண்டாடினதுக்கும் காரணம் இருக்கு, வெளியே போட்டதுக்கும் காரணம் இருக்கு.

அவங்க பேர் ஹெலன் பேனர்மன்.

எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நான் எல்.கே.ஜி.ல இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ற, ர தப்பு இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டிக்குங்க.

தாய்மாமன் சீர்

ஹெலன்கிட்ட நான் எப்படி வந்து சேர்ந்தேன்னு சொல்லிடறேன்.

என் அக்கா சிங்கப்பூர்ல இருக்கு. நம்ம மாவட்டத்துக்கு இது புதுசில்ல. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு நாலு வீட்டுல யாராவது ஒருத்தர் சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு போயிருப்பாங்க. அக்கா பொண்ணுக்கு இப்போ நாலு வயசு. போன வருஷம் குலதெய்வம் கோயில்ல காதுகுத்து வைக்கிறதா இருந்துச்சு. தாய்மாமன் நான். என் மடியில உட்கார வச்சுத்தான் குத்தணும். தேதி குறிச்சு, கடா சொல்லி, பந்தலுக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு மச்சானுக்கு லீவு கிடைக்கல. கடைசியில அங்கேயே ஒரு கோயில்ல வச்சுக் குத்திட்டாங்க. மச்சானோட நண்பர் ஒருத்தர் மடியில உட்கார்ந்து பாப்பா அழுதுச்சு. நான் ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து போன்ல பார்த்துட்டு இருந்தேன். நடுவுல நெட்வொர்க் போச்சு. திரும்ப வந்தப்போ குத்தி முடிஞ்சிருந்துச்சு.

தாய்மாமன் சீர்னு ஒண்ணு இருக்கு இல்லையா? தோடு வாங்குற அளவுக்கு என்கிட்ட காசு கிடையாது. பிளேஸ்மென்ட் கிடைச்சும் ஜாயினிங் லெட்டர் இன்னும் வரல. அதனால என் கையால ஒரு படப் புத்தகம் செஞ்சு அனுப்பலாம்னு முடிவு பண்ணேன். எப்படி மடிக்கணும், எப்படித் தைக்கணும்னு தேடிட்டு இருந்தப்போதான் ஹெலன் பேனர்மன் கதை கண்ணுல பட்டுச்சு. நம்ம ஊர் ரயில்ல, நம்ம ஊர் மலையில இருந்த பிள்ளைங்களுக்காக, நான் செய்ய நினைச்சதையே 120 வருஷத்துக்கு மேல முன்னாடி ஒருத்தங்க செஞ்சிருக்காங்க.

எடின்பரோவிலிருந்து மெட்ராஸ் வரை

ஹெலன் 1862 பிப்ரவரி 25 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பிறந்தார். அப்பா ராபர்ட் பூக் வாட்சன் ஒரு பாதிரியார். ராணுவத்தில் பாதிரியாராக வேலை பார்த்தவர். சிப்பி, நத்தை ஓடுகளை ஆராய்ச்சி செய்வதில் பெரிய ஆள். அம்மா ஜேனட், கோவன் குடும்பத்துப் பெண். கோவன் குடும்பம் பேப்பர் மில் நடத்தியது. ஆக, காகிதம் தாத்தா வழிச் சொத்து.

ரெண்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரை ஹெலன் வளர்ந்தது மடெய்ரா தீவில். அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு அது. அப்பாவுக்கு அங்கே சர்ச்சில் வேலை. பிள்ளைகளுக்குப் பாடமும் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒரு சின்னப் பெண் பத்து வருஷம் கடலையும் வெயிலையும் வேற நிறத்துப் பூக்களையும் பார்த்து வளர்ந்திருக்கா. பின்னாடி அவங்க படங்கள்ல பளிச்சுனு நிறங்கள் இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணுது.

ஊருக்குத் திரும்பிய பிறகு படிக்க ஆசை. ஆனா ஸ்காட்லாந்து பல்கலைக்கழகங்கள்ல பெண்களுக்கு அப்போ இடம் கிடையாது. கதவு திறந்தது 1892-ல்தான். அதுக்கு முன்னாடி செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம், பெண்கள் வகுப்புக்கு வராமல் வெளியிலிருந்தே பரீட்சை எழுத ஒரு வழி வச்சிருந்தது. ஹெலன் அதை எழுதி 1887-ல் எல்.எல்.ஏ. பட்டம் வாங்கினார். பரீட்சை அதேதான், ஆனா டிகிரின்னு பேர் மட்டும் கிடையாது. நாம அட்டெண்டன்ஸ் எழுபத்தஞ்சு பர்சென்ட்னு புலம்பறோம். அவங்களை வகுப்புக்குள்ளயே விடல.

1889 ஜூனில் வில்லியம் பர்னி பேனர்மன் என்ற டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். வில்லியம் இந்திய மருத்துவப் பணியில் ராணுவ டாக்டர். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார்கள். அதிலிருந்து சுமார் முப்பது வருஷம் ஹெலனுக்கு இந்தியாதான் வீடு. நாலு பிள்ளைகள். 1893-ல் ஜேனட், 1896-ல் டே, 1900-ல் பேட், 1902-ல் ராபர்ட்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அங்கே பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். அவர் நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, அவருக்குப் பிறகு அதைத் தலைமை தாங்கி நடத்தியவர்களில் ஒருவர் வில்லியம் பேனர்மன். அப்பாவுக்கு ஊர் ஊரா காய்ச்சல், கொள்ளைநோய்னு வேலை. அம்மாவுக்குப் பிள்ளைகளை அதெல்லாம் அண்டாம காப்பாத்தற வேலை.

மலையில் பிள்ளைகள், ரயிலில் அம்மா

கோடை வந்தா வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலைக்கு ஓடும். வெயில் மட்டும் காரணம் இல்ல. காய்ச்சல்ல குழந்தைங்க செத்துப் போறது அப்போ சாதாரணமா நடந்த விஷயம். கொடைக்கானலுக்கு 1845-லிருந்தே அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். 1898-ல் ஹெலன் தன் ரெண்டு பெண்களையும் அங்கே விட்டார். பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்கு ரெண்டு. கணவர் மெட்ராஸில். ஹெலன் மட்டும் கிளம்பி வரவேண்டியிருந்தது.

அன்னைக்குக் கொடைக்கானல் போறதும் வர்றதும் இப்போ மாதிரி இல்ல. மோட்டார் ஓடற மலைப்பாதை வந்ததே 1910-களின் நடுவுலதான். மலையிலிருந்து நாற்காலியிலோ டோலியிலோ உட்கார வச்சு ஆட்கள் தூக்கிட்டு இறங்கணும். அடிவாரத்துல இருந்து மாட்டு வண்டி. பிறகு ரயில்வே ஸ்டேஷன். இப்போ கொடை ரோடுன்னு நாம சொல்ற அந்த ஸ்டேஷனுக்கு அன்னைக்கு அம்மையநாயக்கனூர்னு பேரு. அங்கிருந்து மீட்டர் கேஜ் ரயில். திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், மாயவரம், விழுப்புரம்னு சுத்திக்கிட்டுத்தான் மெட்ராஸ் போகும். திருச்சியில இருந்து விருத்தாசலம் வழியா நேரா போற கார்டு லைன் அப்போ கிடையாது. நம்ம புதுக்கோட்டைக்கோ ரயிலே கிடையாது. தொண்டைமான் ராஜா ஆட்சியில இருந்த சமஸ்தானம் இது. 1929-ல்தான் திருச்சியில இருந்து இங்கே ரயில் வந்தது.

இந்த நீளமான பயணத்துல ஹெலன் சும்மா உட்காரல. மனசு முழுக்க மலை மேல இருக்குற பிள்ளைங்க. கையில பேப்பர். பெண்களுக்குக் கதை சொல்லிப் பழக்கப்பட்டவங்க, இந்தத் தடவை சொல்ல ஆள் பக்கத்துல இல்லாததால கதையை எழுதினாங்க, படம் போட்டாங்க. வாட்டர் கலர்ல படம், பக்கத்துல நாலஞ்சு வரி. அதைச் சின்னப் புத்தகமாக் கட்டி மலைக்கு அனுப்பி வச்சாங்க. அச்சடிக்கணும், விக்கணும்னு எந்த எண்ணமும் அப்போ இல்ல. வாசகர்கள் மொத்தம் ரெண்டு பேர். அதுல ஒருத்திக்கு எழுத்தே தெரியாது.

நெய்யாக உருகிய புலிகள்

கதை இதுதான். ஒரு சின்னப் பையன். அம்மா அவனுக்குச் சிவப்புச் சட்டையும் நீல டிரவுசரும் தைத்துக் கொடுக்கிறாள். அப்பா கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சைக் குடையும் ஊதா நிறச் செருப்பும் வாங்கி வருகிறார். எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு பையன் காட்டுக்குள்ள நடக்கிறான். ஒரு புலி வந்து தின்னப் போறேன்னு நிக்குது. சட்டையைக் கொடுத்துத் தப்பிக்கிறான். அடுத்த புலிக்கு டிரவுசர். மூணாவது புலிக்குச் செருப்பு கொடுத்தா, எனக்கு நாலு கால், உனக்கு ரெண்டு கால் செருப்புதானேன்னு அது கேட்குது. காதுல மாட்டிக்கோன்னு ஐடியா கொடுக்கிறான். நாலாவது புலிக்குக் குடை. பிடிக்கக் கை இல்லையேன்னு அது சொல்ல, வால்ல கட்டிக்கோங்கறான்.

அப்புறம் நாலு புலிகளுக்குள்ளேயும் யார் அழகுன்னு சண்டை. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, ஒண்ணோட வாலை ஒண்ணு கவ்விக்கிட்டு ஒரு மரத்தைச் சுத்திச் சுத்தி ஓடுதுங்க. வேகம் கூடிக்கிட்டே போய், காலே தெரியாத அளவுக்கு ஓடி, கடைசியில உருகி நெய்யாயிடுதுங்க. ஆமா, நெய். வெண்ணெய்னு எழுதிட்டு, இந்தியாவுல அதை நெய்னு சொல்வாங்கன்னு ஹெலன் விளக்கமும் கொடுத்திருக்காங்க. வேலை முடிஞ்சு வந்த அப்பா பித்தளைப் பானையில அந்த நெய்யை அள்ளிட்டு வர்றார். அம்மா அதுல பான்கேக் சுடறாங்க. அம்மா சாப்பிட்டது 27, அப்பா 55, பையன் 169. கூட்டிப் பார்த்தேன், மொத்தம் 251.

மெக்கானிக்கல் நண்பர்கள் கைனடிக் எனர்ஜி, ஃபேஸ் சேஞ்ச்னு சண்டைக்கு வரலாம். நான் சொல்ல வர்றது வேற. இந்தக் கதையோட கட்டமைப்பைப் பாருங்க. ஒரே சம்பவம் நாலு தடவை வருது, ஒவ்வொரு தடவையும் ஒண்ணு மட்டும் மாறுது. நம்ம பாஷையில சொன்னா ஒரு ஃபார் லூப். சின்னப் பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அடுத்து என்ன வரும்னு பாதி தெரியும், பாதி தெரியாது. ரெண்டாவது விஷயம், புத்தகத்தோட அளவு. உள்ளங்கையில அடங்குற அளவு. பிள்ளையோட கைக்குத் தகுந்த மாதிரி செஞ்சிருக்காங்க. மூணாவது, பக்கத்துக்குப் பக்கம் படம். வார்த்தையைப் படிக்கத் தெரியாத ரெண்டு வயசுக் குழந்தையும் படத்தை வச்சே கதையைப் பிடிச்சுக்கலாம். படப் புத்தகம்னா இன்னைக்கு நாம எதை நினைக்கிறோமோ, அதெல்லாம் அங்கே ரயில்ல உட்கார்ந்து ஒரு அம்மா தன் பிள்ளைங்களுக்காக யோசிச்சது.

ஐந்து பவுண்டு

மெட்ராஸில் ஹெலனுக்கு ஒரு தோழி. அந்தக் கையெழுத்துப் புத்தகத்தைப் பார்த்து அசந்துபோய், லண்டனில் அச்சடிக்க முயற்சி செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். 1899-ல் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளர், சின்னப் பிள்ளைகளுக்கான டம்பி புக்ஸ் என்ற வரிசையில் அதை வெளியிட்டார். தலைப்பு, தி ஸ்டோரி ஆஃப் லிட்டில் பிளாக் சாம்போ. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் வேலை தொடங்கியதும் அதே வருஷம்தான்.

புத்தகம் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. ஆனா பதிப்பாளர் காப்புரிமையை மொத்தமா 5 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். ஹெலனுக்கு அந்த ஏற்பாட்டுல விருப்பமே இல்ல. அப்போ மெட்ராஸுக்கும் லண்டனுக்கும் நடுவுல கடிதம் போய்த் திரும்பி வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அவங்க வேண்டாம்னு சொல்றது போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

இதுல பணம் போனது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், புத்தகத்தின் மேல இருந்த பிடி போனது. அமெரிக்காவுல யார் யாரோ இஷ்டத்துக்கு அச்சடிச்சாங்க. ஹெலன் வரைஞ்ச படத்தைத் தூக்கிட்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்யுற படங்களைப் போட்டாங்க. தடுக்கவும் முடியல, திருத்தவும் முடியல. ஐ.பி.ஆர். பேப்பர்ல நாம மனப்பாடம் பண்ற காப்புரிமைச் சட்டம் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது இந்தக் கதையிலதான்.

ஹெலன் தொடர்ந்து எழுதினார். 1901-லிருந்து 1909 வரை ஏழெட்டுப் புத்தகங்கள். அதுல ஒண்ணோட பேரு லிட்டில் டெக்சி ஹெட். டெக்சின்னா நம்ம கல்யாண வீட்டு டேக்சா இருக்கே, அந்தக் குடும்பத்துப் பாத்திரம்தான். அடுப்பங்கரை வார்த்தை லண்டன் புத்தக அட்டை வரைக்கும் போயிருக்கு.

வாரம் ஒரு கடிதம்

என்னைப் பிடிச்சு உலுக்கின பகுதி இதுதான். அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ்காரங்க பிள்ளைகளை ஒரு வயசுக்கு மேல இங்கே வச்சுக்க மாட்டாங்க. படிப்புக்குன்னு கப்பல் ஏத்தி அனுப்பிடுவாங்க. எழுத்தாளர் கிப்ளிங் பம்பாயிலிருந்து அப்படி அனுப்பப்பட்டப்போ அவருக்கு வயசு அஞ்சுதான். ஹெலனோட பிள்ளைகளும் எடின்பரோவுக்குப் போனாங்க. கொடைக்கானலாவது ரெண்டு நாள் தூரம். இது கடல் தாண்டி.

அப்போ ஹெலன் செஞ்சது, வாரா வாரம் கடிதம். வெறும் எழுத்து இல்ல, கலர் படத்தோட. வீட்டுல என்ன நடந்தது, தோட்டத்துல என்ன பூச்சி வந்தது, யார் விருந்துக்கு வந்தாங்க, யார் எப்படி வழுக்கி விழுந்தாங்கன்னு எல்லாத்தையும் வரைஞ்சு அனுப்பினாங்க. இது ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்ல. பல வருஷம் விடாம. பிள்ளைங்க அதைப் பத்திரப்படுத்தி வச்சாங்க. இன்னைக்கு அந்தக் கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் தொகுதி தொகுதியாக இருக்கின்றன.

உலகம் அவங்களை ஒரே ஒரு புத்தகத்தை வச்சுத்தான் ஞாபகம் வச்சிருக்கு. ஆனா அவங்க வாழ்க்கையோட பெரிய வேலை இந்தக் கடிதங்கள்தான்னு நான் நினைக்கிறேன். ஒரு தடவை செஞ்சு அனுப்புறது சுலபம். என்னாலேயே அது முடிஞ்சுது. வாரம் ஒண்ணுன்னா? நாம வீட்டுக்கு வாரம் ஒரு போன் ஒழுங்காப் பண்றோமா?

நிறம்

இனிமேதான் கஷ்டமான பகுதி. இதைச் சொல்லாம விட்டா ஹெலன் கதை முழுசாகாது.

சாம்போங்கறது ஹெலன் உருவாக்கின பேர் இல்ல. பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் கறுப்பின மக்களை மட்டம் தட்டிக் கூப்பிட ஏற்கெனவே புழக்கத்துல இருந்த பேர். பையனோட அம்மா, அப்பா பேரும் மம்போ, ஜம்போன்னு கேலியாத்தான் வச்சிருக்காங்க. கதையில புலி இருக்கு, நெய் இருக்கு, கடைத்தெரு இருக்கு, பித்தளைப் பானை இருக்கு. அதனால இடம் இந்தியா. ஆனா படத்துல இருக்குற முகம், மேடை நாடகங்கள்ல வெள்ளைக்காரங்க கரியைப் பூசிக்கிட்டு ஆடுவாங்களே, அந்த முகம். தடித்த உதடு, உருண்டைக் கண்ணு. ஒன்பது வருஷம் நம்ம ஊர்ல இருந்தவங்க. வெள்ளைக்கார வீடுகள்ல பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது நம்ம ஊர் ஆயாக்கள். தினம் பார்த்த முகத்தை அவங்க வரையல. யாரோ கேலியா வரைஞ்சு வச்ச முகத்தை எடுத்துப் போட்டுட்டாங்க.

1932-ல் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இந்தப் புத்தகத்தை எதிர்த்து எழுதினார். வெள்ளைக் குழந்தைகளுக்கு வேணும்னா இது சிரிப்பா இருக்கலாம், ஏற்கெனவே இந்தப் பேரால காயப்பட்ட ஒரு கறுப்புக் குழந்தைக்கு இது இன்னொரு அடி என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்குப் பிறகு ஆசிரியர்கள், நூலகர்கள், பெற்றோர்கள் பேச ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா புத்தகம் அலமாரியை விட்டு இறங்கிச்சு. ஜப்பான்ல ரொம்பப் பிரபலமா இருந்த பதிப்பை 1988-ல் நிறுத்தினாங்க. 2005-ல் வேற பதிப்பாளர் மறுபடி கொண்டு வந்தார். 1996-ல் ஃபிரெட் மார்செலினோ என்ற ஓவியர் ஹெலனுடைய கதையை அப்படியே வச்சுக்கிட்டு, பேரை மட்டும் பாபாஜி, மாமாஜி, பாபாஜின்னு இந்தியப் பேர் மாதிரி மாத்தி, புதுசா இந்தியப் படம் வரைஞ்சு வெளியிட்டார். கதை நல்லாத்தான் ஓடுச்சு. அப்போ தப்பு புலியிலயும் இல்ல, நெய்யிலயும் இல்ல, பேர்லயும் முகத்துலயும்தான்.

ஹெலன் கெட்டவங்களா? அன்பா செஞ்ச புத்தகம்தானேன்னு சிலர் கேட்பாங்க. அன்பாத்தான் செஞ்சாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த அன்பு அவங்க ரெண்டு பெண்களுக்கானது. படத்துல இருந்த பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை இதைப் படிச்சா எப்படி இருக்கும்னு அன்னைக்கு அவங்க யோசிக்கல. யோசிக்க வைக்கிற மாதிரி யாரும் பக்கத்துலயும் இல்ல.

இதை நான் ஒரு நீதிபதி மாதிரி உட்கார்ந்து எழுதலாம்னுதான் நினைச்சேன். முடியல. ஏன்னு கடைசியில சொல்றேன்.

திரும்பிப் போனவர்

வில்லியம் பேனர்மன் மெட்ராஸ் மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்து, 1918-ல் ஓய்வு பெற்றார். இருவரும் எடின்பரோவுக்குத் திரும்பினார்கள். 1924-ல் அவர் இறந்தார். ஹெலன் 1936-ல் பழைய கதைக்கு ஒரு தொடர்ச்சி எழுதினார். 1946 அக்டோபர் 13-ல் எடின்பரோவில் காலமானார்.

நம்ம ஆட்களுக்கு ஒரு கூடுதல் தகவல். கொடைக்கானல்ல அம்மாவோட புத்தகத்துக்காகக் காத்திருந்த அஞ்சு வயசு ஜேனட் வளர்ந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திய வால்டர் கிபிள் என்ற புள்ளியியல் பேராசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1932-ல் மெட்ராஸில் அவங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பேர் டாம் கிபிள். 1964-ல் ஹிக்ஸ் போசான் பற்றிய அடிப்படைக் கோட்பாட்டை வெளியிட்ட இயற்பியலாளர்களில் ஒருவர். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல நான் வாங்கின மார்க்கைப் பார்த்தா, அவங்க பாட்டி புத்தகத்தைப் பற்றி எழுதறதுதான் எனக்குத் தோது.

என் புத்தகம்

நான் செஞ்ச புத்தகத்துல கதை ரொம்பச் சின்னது. ஆலங்குடி பக்கம் குளமங்கலம் அய்யனார் கோயில்ல முப்பது அடிக்கு மேல உயரமா ஒரு குதிரை நிக்குது, பார்த்திருப்பீங்க. மாசி மகத்துக்கு அதுக்கு ஆளுயரத்தைத் தாண்டி நீள நீளமாக் காகித மாலை போடுவாங்க. அந்தக் குதிரை ஒரு ராத்திரி கீழே இறங்கி, திருமயம் கோட்டையைத் தாண்டி, கடலைத் தாண்டி, சிங்கப்பூர்ல ஒரு பன்னிரண்டாவது மாடிக்குப் போய், காதுகுத்துக்கு வராத ஒரு பாப்பாவை முதுகுல ஏத்திட்டு வருது. அவ்வளவுதான் கதை.

செய்ய நினைக்கிறவங்களுக்குக் குறிப்பு. கெட்டியான ஏ4 ஷீட் நாலு எடுத்து நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகினா 16 பக்கம். மடிப்புல அஞ்சு ஓட்டை போட்டு, கோணி ஊசியில மெழுகு தேய்ச்ச நூலைக் கோத்துத் தைச்சாப் போதும், ஸ்பைரல் வேண்டாம். பக்க வரிசைதான் தலைவலி. மேல் ஷீட்டோட வெளிப்பக்கத்துல 16-ம் 1-ம் பக்கத்துல பக்கத்துல வரும், உள்பக்கத்துல 2-ம் 15-ம். எந்த ஷீட்டை விரிச்சாலும் ஒரே முகத்துல இருக்குற ரெண்டு எண்ணையும் கூட்டினா 17 வரணும். எனக்கு இது மூணாவது ஷீட்டைப் பாழாக்கின பிறகுதான் தெரிஞ்சுது. குதிரை கடலைத் தாண்டினதுக்கு அப்புறம் கோட்டையைத் தாண்டுச்சு.

மூணு வாரத்துல முடிச்சு, கூரியர்ல அனுப்பினேன். அக்கா வீடியோ கால்ல வந்துச்சு. பாப்பா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துச்சு. குதிரையைத் தெரிஞ்சுது. கோட்டையைத் தெரிஞ்சுது. குதிரை மேல உட்கார்ந்திருக்கிற பொண்ணு யாருன்னு கேட்டுச்சு. நீதான்னு சொன்னேன். இல்லைன்னு தலையாட்டுச்சு. தன் கையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்துல வச்சுக் காட்டுச்சு.

அப்போதான் பார்த்தேன். எங்க எல்லார் கலர் பாக்ஸ்லயும் ஸ்கின் கலர்னு ஒண்ணு இருக்குமே, வெளிர் பீச் நிறம், அதை எடுத்து நான் பாட்டுக்கு அடிச்சிருக்கேன். யோசிக்கவே இல்ல. எல்.கே.ஜி.ல இருந்து முகம்னா அந்தக் கலர்தான். பாப்பா மச்சான் மாதிரி நல்ல கறுப்பு. அது பிறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரங்க ஆணா பொண்ணான்னு கேட்டதுக்கு அடுத்து கேட்டது கலர் என்னன்னுதான். அக்கா அன்னைக்கு அழுதுச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் பிள்ளைக்கான புத்தகத்துல நான் வேற ஒரு பிள்ளையை வரைஞ்சு வச்சிருக்கேன். ஹெலன் பார்த்த முகத்தை விட்டுட்டு வேற முகத்தை வரைஞ்சாங்க. நானும் அதேதான். அவங்க கேலியா மாத்தினாங்க, நான் அழகுன்னு நினைச்சு மாத்தினேன். ரெண்டுலயும் நிஜமான பிள்ளை படத்துல இல்ல.

ரெண்டாவது பிரதி செஞ்சேன். பிரவுன்ல கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் சிவப்பு கலந்து பத்துத் தடவை அடிச்சுப் பார்த்து, அக்கா அனுப்பின போட்டோவோட ஒப்பிட்டு, கடைசியில என் கையையே பக்கத்துல வச்சுப் பார்த்துச் சரி பண்ணேன். என் கலரும் கிட்டத்தட்ட அதுதான். குதிரைக்குக் காகித மாலையை இந்தத் தடவை வரையாம, கலர் டிஷ்யூல வெட்டி ஒட்டினேன்.

போன வாரம் போய்ச் சேர்ந்துச்சு. குதிரை மேல இருக்குறது யாருன்னு பாப்பா இந்தத் தடவை கேட்கல. தன் பேரைத்தான் சொல்லுச்சு. மறுநாள் அந்தக் காகித மாலையைக் கிழிச்செடுத்துத் தன் கழுத்துல போட்டுக்கிட்டதா அக்கா சொன்னுச்சு. அடுத்த புத்தகத்துல மாலையைத் தனியா ஒரு கவர்ல வச்சு அனுப்பணும்.